நூலகர் கழற்றிய கியர்பாக்ஸ்

கியர்பாக்ஸ் நூலகரின் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்திருந்தது என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். ஜாக்கியிலிருந்து சரிந்து, இடையில் வைத்திருந்த இரண்டு தலையணைகளையும் நசுக்கி, அப்படியே ஏறிப் படுத்துவிட்டது. காருக்கு வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அதில் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஏங்க!" மனைவி குனிந்து பார்த்தாள். "உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். மூச்சுதான் கொஞ்சம் கம்மியா வருது."

"ஐயையோ! இருங்க, நான் போய்ப் பக்கத்து வீட்டு எல்போர்டைக் கூட்டிட்டு வரேன்."

"அவன் வேண்டாம்!" நெஞ்சில் அத்தனை பாரம் இருந்தும் குரல் கணீரென்று வந்தது. "பாப்பாவுக்குப் போன் போடு."

"ஏழு கடல் தாண்டி இருக்கறவ வந்து இதைத் தூக்கப்போறாளா?"

"தூக்க வேண்டாம். எந்தப் பக்கம் தள்றதுன்னு சொல்லுவா. நீ போடு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள். எடுக்கும்போது மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பது கிலோ இரும்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற ஒரு ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நூலகர் என்றால் முப்பத்து நான்கு வருஷம் பொது நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கருவி என்று அவர் வீட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் உண்டு. அதையும் பெயிண்ட் டப்பா மூடியைத் திறக்கத்தான் எடுப்பார். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டால் அதைச் சரிசெய்ய மாட்டார், புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஒரே மகள். முப்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். வெளிநாட்டில் ஒரு கார் கம்பெனியில் கியர்பாக்ஸ் வடிவமைக்கிற வேலையில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்வாள். முதலில் எடுப்பது நூலகர்தான்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேம்பா. நீங்க?"

"ஆச்சு. அங்க குளிரா?"

"ஆமாப்பா."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

மொத்தம் பதினோரு வினாடி. அதற்குப் பிறகு தாயும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் நூலகர் பக்கத்து அலமாரியைத் துணியால் துடைத்துக்கொண்டே நிற்பார். அந்த வீட்டில் அந்த அலமாரியைப் போல் சுத்தமான பொருள் வேறு கிடையாது.

பாசம் இல்லாமல் இல்லை. அவளிடம் சொல்லவென்று வாரம் முழுக்க விஷயம் சேர்த்து வைப்பார். பத்தொன்பது வருஷம் கழித்து ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் படித்து முடிக்கவில்லை, மறுபடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார். போன் கைக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே நூலகத்துக்கு வந்து அவர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். மூடுகிற நேரம்வரை இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசியபடியே இருப்பார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து பேசியவர் அவர். அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. அவளைக் காணாமல் அவருக்கு ஏக்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாத ஆளாக இருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கார் மக்கர் செய்தது.

ரயில் நிலையத்துக்குப் போகிற மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி ஊரைக் கூட்டுவதுபோல் கத்தியதே தவிர, ஏறவில்லை. ஒரு சைக்கிள்காரர் அவரைத் தாண்டிப் போனார். போனவர் சும்மா போயிருக்கலாம், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் இருந்தார். தெரு முழுக்க அவருக்கு எல்போர்டு என்றுதான் பெயர். காரைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லாதவர். அவரிடம் கேட்கலாம் என்றுதான் நூலகர் செருப்பை மாட்டினார். மாட்டும்போதே இன்னொரு யோசனை வந்தது. கியர்பாக்ஸ் செய்கிற பெண்ணைப் பெற்று வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் எதற்குக் கேட்க வேண்டும்?

அவராக மகளுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா?" மகள் பதறினாள். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. காருக்குத்தான் உடம்பு சரியில்லை."

சைக்கிள்காரர் கதையைச் சொன்னார். மகள் சிரித்தாள். தான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்து எத்தனை வருஷமாகிறது என்று நூலகர் மனசுக்குள் கணக்குப் போட்டுத் தோற்றுப்போனார். வண்டியைக் கிளப்பச் சொன்னாள். பெடலை மிதிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். என்ன சத்தம், எங்கே சத்தம் என்று கேட்டாள். அவர் விலாவாரியாகப் பதில் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் மேஜையில் பேனாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, கிளட்ச் பிளேட் மாத்தணும்பா. அதுக்கு கியர்பாக்ஸையே கீழ இறக்கணும்."

"அதுக்கென்ன, எல்போர்டு தம்பிகிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம்பா. அவங்க அவசரத்துல எதையாவது உடைச்சிடுவாங்க. நீங்களே பண்ணுங்க."

"நானா?"

"நான் சொல்லித் தரேன்பா. தினம் நாலு மணிக்குப் போன் பண்ணுங்க. எனக்கு அப்ப டீ இடைவேளை."

போனை வைத்ததும் எவ்வளவு நேரம் பேசினோம் என்று பார்த்தார். பதினான்கு நிமிஷம். அதை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் அவள். "கழட்டறது யாரு, நீங்களா? வேற வினையே வேண்டாம்."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. எல்போர்டிடம் ஜாக்கியும் ஸ்பேனர்களும் இரவல் வாங்கி, காரை முன்பக்கம் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். நூலகத்திலிருந்து நினைவாகக் கொண்டுவந்த புத்தகம் நிறுத்தும் மரத்தாங்கியில் போனைச் சாய்த்து வைத்து, மகள் பார்க்கும்படி நூலகர் காருக்கடியில் படுத்தார். கியர் ஆயிலை வடிக்கச் சொன்னாள் மகள். எதில் பிடிப்பது என்று அவர் கேட்கவில்லை, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து வைத்தார். அதில் படுக்கை விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. மனைவி அன்று பேசியதை இங்கே எழுதினால் இந்தக் கதையை வீட்டில் உரக்கப் படிக்க முடியாது.

எல்போர்டு மதில்மேல் மோவாயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "சார், அரை நாள் குடுங்க. நானும் என் ஆளும் வந்து முடிச்சுத் தரோம்."

"தம்பி, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"ஒரு வேலையும் இல்லை சார்."

"இருக்கும், போய்ப் பாருங்க."

கியர்பாக்ஸ் நெஞ்சில் ஏறியது ஐந்தாம் நாள். இடது முழங்காலை மடக்கி, ஜாக்கிப் பக்கம் உருட்டித் தள்ளுங்கள் என்று மகள் அங்கிருந்து கத்த, மனைவி இந்தப் பக்கமிருந்து இழுக்க, ஒருவழியாக இறங்கியது. சட்டையில் அதன் விளிம்பின் அச்சு பதிந்திருந்தது.

"வலிக்குதாப்பா?" மகள் போனில் எட்டிப் பார்த்தாள்.

"சேச்சே. உங்கம்மா திட்டறதுதான் வலிக்குது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு முப்பத்தொரு நிமிஷம்.

பழைய பிளேட்டை வெளியே எடுத்ததும் எல்போர்டு மதில் வழியாகக் கை நீட்டி வாங்கிப் பார்த்தார். புரட்டினார், நகத்தால் சுரண்டினார்.

"இது இன்னும் நல்லாத்தானே இருக்கு சார்? ரெண்டு வருஷம் ஓடுமே."

நூலகருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் பொண்ணு இந்த மாதிரி ஆயிரம் கியர்பாக்ஸ் வரைஞ்சவ. தேஞ்சு போச்சுன்னு அவ சொல்றா. உங்க கண்ணைக் காட்டுங்க டாக்டர்கிட்ட."

எல்போர்டு பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிலிலிருந்து இறங்கிவிட்டார்.

புது பிளேட்டைப் பொருத்தியது தனிக் கதை. அதைச் சரியாக நடுவில் நிறுத்த ஒரு கட்டை வேண்டும் என்று மகள் சொன்னதால், வீடு துடைக்கிற கோலின் கைப்பிடி பாதியாகியது. கியர்பாக்ஸை மறுபடி மேலே ஏற்ற மனைவி ஜாக்கியின் கைப்பிடியை அழுத்தினாள், நூலகர் கீழே படுத்து ஆட்டினார். இரண்டு நாள் ஆடியது, உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் தானாகவே போய் உட்கார்ந்தது. அதன்பிறகு போல்ட் மாட்ட வேண்டும்.

"அப்பா, எந்த போல்ட்டை எங்கிருந்து எடுத்தீங்கன்னு எழுதி வெச்சீங்கதானே?"

"எழுதாம இருப்பேனா?" நூலகர் பெருமையாக ஒரு மர இழுப்பறையைக் காட்டினார். ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனிச் சீட்டோடு, எண் போட்டு, அணிவகுத்து நின்றது. "நீளவாரியா அடுக்கியிருக்கேன். சின்னது முதல்ல."

"எங்கிருந்து எடுத்ததுன்னு?"

"அது எதுக்கு? ஒரே நீளம் இருக்கறது ஒரே இடத்துல இருந்தாத்தானே தேடி எடுக்கச் சுலபம்?"

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பதினெட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் போனில் காட்டச் சொல்லி, இது அங்கே, அது இங்கே என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கே மூன்று நாள் பிடித்தது. போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் பேச்சு வேறு எங்கெங்கோ போயிற்று. பத்தொன்பது வருஷம் கழித்துப் புத்தகம் திருப்பியவர் கதையை அவர் கடைசியில் சொல்லியே விட்டார். தன் ஆபீஸ் ஜன்னலில் தெரிகிற மரத்தைப் பற்றி அவள் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், அங்கே போன முதல் வருஷம், பேச ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருவாளாம். இது நூலகருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்கும் தெரியாது.

"ஏம்மா அப்பவே சொல்லலை?"

"நீங்க அம்மாகிட்ட குடுத்துட்டீங்களேப்பா. அம்மாகிட்ட சொன்னா அவங்க அழுவாங்க."

காருக்கடியில் படுத்திருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. அடுத்த போல்ட்டை மாட்ட வெகுநேரம் ஆனது.

எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பினார். கியரே விழவில்லை. கிளட்ச்சை மிதித்தாலும் கறகறவென்று பல்லைக் கடித்தது.

"அப்பா," மகள் யோசித்துக் கேட்டாள், "பிளேட்டுல ஒரு பக்கம் எழுத்து இருந்துச்சே, அது எந்தப் பக்கம் பாக்குது?"

"வெளிப்பக்கம்."

"அது இன்ஜினைப் பாக்கணும்பா!"

"உள்ள திருப்பி வெச்சா அப்புறம் அதை யாரு படிப்பாங்க?"

முப்பத்து நான்கு வருஷமாகப் புத்தகத்தின் முதுகு வெளியே தெரிகிறமாதிரியே அடுக்கிய கை. வேறெப்படி வைக்கும்? அந்தப் பக்கம் மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்ததில் அவளோடு வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். ஆக, மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. நூலகருக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. "இன்னும் ஒரு வாரம் ஆகும் போலிருக்கே" என்று அவர் உள்ளே வந்து சொன்னபோது மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறிச்சவர் மாதிரி சொல்றீங்களே! செவ்வாயும் வெள்ளியும் நான் முட்டி வலிக்கு ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போகணும், தெரியுமில்ல? மூணு வாரமா பஸ்ஸுல தொங்கிட்டுப் போறேன்."

"பாப்பா சொல்லிட்டு இருக்கா. ஆயிடும்."

ஆகியும்விட்டது. இரண்டாவது தடவை எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. ஒரு வியாழக்கிழமை காலை நூலகர் தனியாக ரயில் நிலைய மேட்டுக்குப் போனார். வண்டி வெண்ணெயாக ஏறியது. உச்சியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தானே கழற்றி, தானே மாட்டி, ஓட வைத்த வண்டி. சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. வண்டி சரியாகிவிட்டால் நாலு மணிக்கு என்ன சொல்லிப் போன் செய்வது என்பதுதான் மனசில் ஓடியது. மறுபடி ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டியா, குளிரா, அம்மாகிட்ட குடுக்கறேன்.

நாலு மணிக்குப் போன் செய்தார்.

"என்னப்பா, மேட்டுல ஏறுச்சா?"

அறுபத்தொரு வயதில், வாழ்க்கையில் ஒரு தாமதக் கட்டணத்தைக்கூடத் தள்ளுபடி செய்யாத மனிதர், வாய் கூசாமல் சொன்னார்: "இல்லம்மா. இன்னும் வழுக்குது."

"அப்படியாப்பா?" என்றாள் மகள். குரலில் அலுப்பே இல்லை. "அப்ப இன்னொரு தடவை இறக்கித்தான் பாக்கணும்."

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நூலகர் மூன்றாம் தடவையாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, கியர்பாக்ஸைக் கழற்றி முற்றத்தில் வைத்தார். எல்போர்டு மதிலுக்கு வந்து, பார்த்து, திரும்பிப் போய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"நேத்துதானே ஓட்டிட்டு வந்தீங்க?" என்று மனைவி கேட்டாள். "நல்லாத்தானே ஓடுச்சு?"

"உனக்கு என்ன தெரியும்? பாப்பா இறக்கச் சொல்றா."

அவள் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை.

மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது நூலகர் முற்றத்தில் போல்ட் துடைத்துக்கொண்டிருந்தார். வாசல்படி இரண்டே இரண்டுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி ஏறி, நின்று மூச்சு வாங்கி, அடுத்ததில் அவள் கால் வைத்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லையாம். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நூலகருக்கு அவமானத்தில் காது சுட்டது. மகள் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக இவளுடைய முட்டியைத் தேய்க்கிறோமே என்று தோன்றியது. போதும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். பேச்சு நின்றுபோனால் போகட்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் போன் செய்தார். எடுத்தது மருமகன்.

இந்த மருமகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலகரைவிடப் பேச்சு குறைந்தவர். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமனாரும் மருமகனும் பேசியதை ஒரு தபால்தலையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? அவ கடைக்குப் போயிருக்கா. பத்து நிமிஷத்துல வந்துடுவா."

அவள் இல்லாததே நல்லது என்று நூலகருக்குப் பட்டது. அவள் குரலைக் கேட்டால் மறுபடி வாய் பொய் சொல்லிவிடும்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம். நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. வண்டி வியாழக்கிழமையே சரியாயிடுச்சு. ஜம்முனு மேடு ஏறுது. நான்தான் வழுக்குதுன்னு பொய் சொன்னேன்."

"ஏன் மாமா?"

நூலகர் கையிலிருந்த ஸ்பேனரை ஒரு முறை திருப்பினார். இதற்குச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒரு வழியும் அவருக்குத் தெரியவில்லை.

"வண்டி சரியாயிடுச்சுன்னா அவகிட்ட பேச எனக்கு ஒரு சாக்கு இருக்காது மாப்பிள்ளை. இந்த ஒரு மாசமா நாலு மணி எப்ப வரும்னு காலைல இருந்தே உக்காந்திருக்கேன். பெத்த பொண்ணுகிட்ட பேச ஒருத்தனுக்கு கியர்பாக்ஸ் வேண்டியிருக்கு பாருங்க. அவளை ஏமாத்திட்டேன். தப்பு என்னோடதுதான். அவ கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நூலகர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. முற்றத்தில் மூன்றாம் தடவையாகக் கழற்றிய கியர்பாக்ஸ் கிழிந்த தலையணை மேல் கிடந்தது. அவர் போனை மறுபடி காதில் வைத்தார்.

"மாமா," மருமகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. உங்க கிளட்ச் கெட்டே போகலை, கேபிள் நட்டை ரெண்டு சுத்து தளர்த்திவிட்டா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்னு முதல் நாளே என்கிட்ட சொன்னா. அதைச் சொல்லிட்டா அப்பா மறுநாள் என்கிட்ட எதுக்குப் பேசப்போறாருன்னு அழுதா மாமா."